எல்லா அடைப்பும் மூலம் அல்ல

பினாங்கு மருந்துக் கடைகளில் மூலக் களிம்பும் பேதி மாத்திரையும் தேடி அலைய வேண்டிய பொருள்கள் அல்ல. வாங்குகிறவர்களும் அதிகம் பேசமாட்டார்கள். "பைல்ஸுக்கு ஏதாவது குடுங்க" என்று மெல்லச் சொல்லி, வாங்கிய வேகத்தில் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றால் அந்த ஒரு வாக்கியமும் பாதியாகிவிடும். கொஞ்சம் விசாரித்தால் பலருடைய குறை வேறாக இருக்கும். கீழே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. போய் உட்கார்ந்தால் கொஞ்சம்தான் வருகிறது. எழுந்து வந்தால் மறுபடியும் போக வேண்டும்போல் இருக்கிறது. இரத்தம் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. ஆனாலும் நோயின் பெயர் மூலம் என்று வீட்டிலேயே முடிவாகிவிட்டது.

மூலம் இந்த உணர்வைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் இதைத் தரக்கூடியவை இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அவற்றில் சில, கீரையும் தண்ணீரும் கூட்டினால் சரியாகிவிடும். சிலவற்றுக்கு எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் பலன் இல்லை, வயிறு உப்புவதுதான் மிச்சம். ஒன்றிரண்டு காரணங்கள், மாதக்கணக்கில் களிம்பு போட்டுத் தள்ளிப்போடவே கூடாதவை.

பெருங்குடலின் கடைசிப் பகுதிதான் மலக்குடல். 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதற்குக் கீழே 3, 4 சென்டிமீட்டருக்கு ஆசனவாய்க் குழாய். மலக்குடலில் எந்நேரமும் மலம் தங்கியிருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நல்ல உடல்நிலையில் அது பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அதற்கு மேலே, அடிவயிற்றின் இடப்பக்கம் வளைந்து கிடக்கும் குடலில்தான் மலம் காத்திருக்கும். சாப்பிட்டதும், குறிப்பாகக் காலையில் பசியாறியதும், பெருங்குடல் வலுவாக ஒருமுறை அசைந்து மலத்தைக் கீழே தள்ளும். மலக்குடலின் சுவர் விரியும். அந்த விரிவைத்தான் மூளை 'போக வேண்டும்' என்று எடுத்துக்கொள்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆசனவாயின் தோலில் ஒரு சிறு கீறல் விழுந்தால் வலியில் உயிரே போகும். அதற்குச் சற்று மேலே, மலக்குடலின் சுவரிலிருந்து பரிசோதனைக்காகத் துண்டு கிள்ளி எடுத்தாலும் பெரிதாக வலிக்காது. அந்தப் பகுதி நரம்புகளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவற்றிடம் இருக்கும் முக்கியமான செய்தி ஒன்றுதான்: நிறைந்திருக்கிறது. உள்ளே இருப்பது மலமா, காற்றா, வீங்கிய சதையா, கட்டியா, வெளியிலிருந்து அழுத்தும் பக்கத்து உறுப்பா, எதுவானாலும் அதே செய்திதான் மேலே போகும். சுவர் புண்பட்டு வீங்கியிருந்தால், உள்ளே ஒன்றுமே இல்லாதபோதும் போகும். ஆகவே அடைத்த உணர்வு வந்ததும் அங்கே மலம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு முக்குவதும், பேதிக்குச் சாப்பிடுவதும் பலருக்குத் தவறான வைத்தியமாகிவிடுகிறது.

முதலில் தெரிய வேண்டியது இவ்வளவுதான். மலம் உண்மையிலேயே தேங்கியிருக்கிறதா? வந்து நின்றும் வாசல் திறக்கவில்லையா? இல்லை, மலமே இல்லாமல் உணர்வு மட்டும் இருக்கிறதா?

தேங்கும் மலம் நமக்குப் பழக்கமான கதை. நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரை. ஊரில் சாதாரணமான ஒரு நாளைப் பாருங்கள். காலையில் இரண்டு ரொட்டி சானாய், மேலாகக் கொஞ்சம் பருப்புக் குழம்பு, ஒரு தே தாரேக். மதியம் நாசி கண்டார்: தட்டு நிறைய வெள்ளைச் சோறு, கோழி, முட்டை, நாலு குழம்பையும் கலந்து ஊற்றி, ஓரத்தில் இரண்டு வெண்டைக்காய். இரவு மீ கோரேங். வெள்ளைச் சோறு 100 கிராமில் அரை கிராம் நார் தேறினால் அதிகம். அந்த இரண்டு வெண்டைக்காய்தான் நாள் முழுவதற்குமான காய்கறி. நாசி கண்டாரைக் குறைசொல்லிவிட்டுப் பினாங்கில் குடியிருக்க முடியாது, அதனால் இதோடு விடுகிறேன். ஒரு கொய்யாப்பழத்தை வெட்டிக் கூட வைத்துக்கொண்டால், 100 கிராமுக்கு 5 கிராம் நார் கிடைக்கும். தட்டில் பாதியைக் காய்கறிக்கும் பழத்துக்கும் விடச் சொல்லும் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், அரை) விளம்பரத்துக்கும் இதுதான் அடிப்படை.

சாப்பாட்டை எல்லாரும் சொல்வார்கள். அடக்குவதை யாரும் சொல்வதில்லை. பட்டர்வொர்த், பிறை பக்கத்திலிருந்து பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஷிப்டுக்கு விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்து வந்துவிடும். குடல் அசைகிற நேரத்தில் அவர் பாலத்து நெரிசலில் உட்கார்ந்திருப்பார். வேலையிடத்தில் வரிசையை விட்டு எழுந்து போக வேண்டும் என்றால் இடத்துக்கு ஆள் வர வேண்டும். தூசு படக்கூடாத அறையில் வேலை என்றால் தலையிலிருந்து கால்வரை போட்ட அங்கியைக் கழற்றி மறுபடியும் மாட்ட வேண்டும். சரி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று அடக்கிவிடுகிறார். உந்துதல் சில நிமிடங்களில் அடங்கும். மலம் மட்டும் அங்கேயே நின்று நீர் வற்றி இறுகும். இப்படியே ஆண்டுகள் போனால் மலக்குடல் விரிந்துகொடுக்கப் பழகிவிடுகிறது. கொஞ்சம் வந்தாலே தெரிவித்த சுவர், இப்போது நிறைய சேர்ந்தபிறகுதான் வாய் திறக்கிறது. இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி வந்தால் குடலுக்கு நேரமே பிடிபடாது. பள்ளிக்கூடக் கழிப்பறையைப் பார்த்து அருவருத்து, மத்தியானம்வரை அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கும் இதுதான் நடக்கிறது.

அப்புறம் மாத்திரைகள். கர்ப்ப காலத்திலும் இரத்தக் குறைவுக்கும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, கோடீன் கலந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும், கடும் வலிக்குக் கொடுக்கும் டிராமடோல், சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வெராபமில், சுண்ணாம்புச்சத்து மாத்திரை எல்லாமே மலத்தை இறுக்கும் அல்லது குடலை மெதுவாக்கும். நீண்டகாலச் சர்க்கரை நோய் குடலை இயக்கும் நரம்புகளையே பாதிக்கலாம். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்தியர்களில் பெரியவர்களிடையே நீரிழிவு 31 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. எனவே இது நம் வீடுகளுக்கு அப்பாற்பட்ட விஷயம் இல்லை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே நிலைதான்.

தினமும் போகாவிட்டால் நோய் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்தலாம். நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறைவரை, சிரமமில்லாமல் போனால் அது இயல்பு. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவருக்கு, நோன்பு மாதத்தில் பகலெல்லாம் தண்ணீரும் குடிக்காதவருக்கு, மலம் குறைவதில் அதிசயமில்லை. உள்ளே போனது குறைந்தால் வெளியே வருவதும் குறையத்தான் செய்யும்.

தேக்கம் முற்றிப்போனால் அதன் முகமே மாறிவிடும். முதியவர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி ஏமாற்றுவது இதுதான். மருமகள் டாக்டரிடம் சொல்வது இப்படி இருக்கும்:

"அத்தைக்கு நாலு நாளா வயித்தால போவுது டாக்டர். துணியெல்லாம் கறையாவுது. கரி மாத்திரை கொடுத்தும் நிக்கல."

"அதுக்கு முந்தி ஒழுங்கா போனாங்களாம்மா?"

"ஒரு வாரமா போவவே இல்ல. இப்பதான் வழி விட்டிருக்குன்னு நெனச்சோம்."

வழி விடவில்லை. மலக்குடலில் இறுகிய மலம் பெரிய உருண்டையாக அடைத்து நிற்கிறது. மேலே இருக்கும் நீர்த்த மலம் அதன் ஓரமாகக் கசிந்து வருகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது வயிற்றுப்போக்கு. அதை நிறுத்த மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். கூடவே சிறுநீர் கட்டிக்கொள்ளலாம், பசி போய்விடும், வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசவும் செய்வார். டாக்டர் விரலை விட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. அடைப்பை எடுக்க மேக்ரோகோல் போன்ற, நீரைக் குடலில் பிடித்துவைத்து இளக்கும் மருந்தை அதிக அளவில் கொடுப்பார்கள். ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ எனிமாவோ தேவைப்படலாம், சில நேரம் தாதி கையுறை போட்டு எடுக்க வேண்டியும் வரும். வீட்டிலேயே எனிமா வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பாஸ்பேட் கலந்த எனிமா, சிறுநீரகம் பழுதான முதியவர்களின் இரத்த உப்புகளை ஆபத்தான அளவுக்குக் கலைத்துவிடும். அடைத்து நிற்கும்போது, நார்ச்சத்துக்காகக் குடிக்கும் இஸ்பாகுலா உமியைக் கரைத்துக் கொடுப்பதும் கூடாது. அடைப்புக்கு மேல் இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் 'தண்ணி நிறைய குடிங்க' என்ற பொது அறிவுரை பொருந்தாது. எவ்வளவு என்பதை அவர்களுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இனி வாசல் திறக்காத கதைக்கு வருவோம். எனக்குத் தெரிந்தவரை நம்மவர்கள் கேள்விப்படாதது இதுதான், ஆனால் அரிதான ஒன்று அல்ல. தொடர் மலச்சிக்கலுக்காகச் சிறப்பு நிபுணர்களிடம் வருவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடத்தில் ஒரு தசை பின்பக்கமாகச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. அது இழுத்திருக்கும்வரை குழாய் மடங்கியே இருக்கும், மலம் தானாக நழுவாது. போகும்போது நடக்க வேண்டியது இரண்டு: வயிறு மெல்ல அழுத்தம் கொடுக்க வேண்டும், அதே நேரத்தில் இந்தத் தசையும் ஆசனவாயை மூடியிருக்கும் சுருக்குத் தசையும் தளர வேண்டும். சிலருக்கு இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. முக்க முக்கத் தசை தளராமல் இறுகுகிறது. மலம் மென்மையாகவே இருக்கும், ஆனாலும் வராது. சிறுவயதில் இறுகிய மலத்தால் வலித்தபோது அடக்கிப் பழகியது, பல ஆண்டுகள் முக்கியே பழகியது, பிரசவக் காயம், மன இறுக்கம் எதிலிருந்து வேண்டுமானாலும் இது தொடங்கலாம். சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் இது காணப்படுகிறது. கேட்கத் தெரிந்த டாக்டர் அதையும் பக்குவமாகக் கேட்பார்.

இவர்கள் சொல்வதைக் கவனித்தால் அடையாளம் பிடிபடும். "அரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கு." "பேதி மாத்திரை போட்டா தண்ணியாப் போவுது, அப்பவும் முழுசாப் போன திருப்தி இல்ல." சிலர் கழிப்பறைக் குழாயின் தண்ணீரை வேகமாக உள்ளே பீய்ச்சி வரவழைப்பார்கள். சிலர் விரலை விட்டு எடுப்பார்கள். இதை டாக்டரிடம் சொல்ல வாய் வராது, ஆனால் நோயைக் கண்டுபிடிக்க இதைவிட உதவியான தகவல் கிடையாது. நாள்பட்ட முக்கலும் இப்படிக் குத்திக் கிளறுவதும் மலக்குடல் சுவரில் புண்ணை உண்டாக்கலாம். இரத்தமும் சளியுமாகப் போகும், அடைத்த உணர்வு இன்னும் கூடும், அதற்காக இன்னும் முக்குவார்கள்.

உட்காரும் விதமும் இதில் சேரும். குந்தி உட்காரும்போது அந்த மடிப்பு நிமிர்ந்து வழி நேராகிறது. மூட்டுவலிக்காக வீட்டுக் கழிப்பறையை மேல்நாட்டு முறைக்கு மாற்றிய பெரியவர்கள் பலருக்கு அடைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியிருக்கும். மறுபடியும் குந்தச் சொல்லத் தேவையில்லை. காலடியில் ஓர் அடிக்கும் குறைவான பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி வைத்து, முழங்கையைத் தொடைமேல் ஊன்றி முன்னால் சாய்ந்தால் பாதி வேலை நடந்துவிடும். மூச்சைப் பிடித்து முக்காமல் வயிற்றைத் தளர்த்த வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போனால் இந்தக் கடைசி அறிவுரை தானாகவே நிறைவேறும்.

இதோடு சரியாகாதவர்களுக்குப் பரிசோதனை உண்டு. சிறிய பலூனை மலக்குடலில் வைத்து 50 மில்லிலிட்டர் தண்ணீர் நிரப்பி, தனியறையில் உட்கார்ந்து வெளியேற்றச் சொல்வார்கள். பெரும்பாலானோருக்கு ஒரு நிமிடம் போதும். வெளியேற்றவே முடியாவிட்டால் வாசலில்தான் கோளாறு. அழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழாயை வைத்து, முக்கும்போது தசை தளர்கிறதா இறுகுகிறதா என்பதைத் திரையில் பார்க்கவும் முடியும். வைத்தியமும் அதே திரைதான். தன் தசை செய்வதை நோயாளியே பார்த்துப் பார்த்து, தளர்த்தக் கற்றுக்கொள்கிறார். சில அமர்வுகளில் பத்தில் ஆறு ஏழு பேருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. எல்லா மருத்துவமனையிலும் இந்த வசதி இருக்காது, குடல் நோய் நிபுணரிடம் கேட்டு வாங்க வேண்டும். இவர்களுக்கு நாரை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், திறக்காத கதவுக்குப் பின்னால் கூட்டம் சேர்வதுதான் நடக்கும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. குழந்தைகள் பெற்ற பிறகு, முக்கியமாக ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்துக்குப் பிறகும், மாதவிடாய் நின்ற பிறகும், மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் உள்ள சுவர் தளர்ந்துபோகலாம். முக்கும்போது மலக்குடல் முன்னோக்கிப் பிதுங்கும். மலம் வாசலுக்கு வராமல் அந்தப் பையில் போய்த் தங்கும். பிறப்புறுப்பின் பின்சுவரை விரலால் அழுத்தினால்தான் மலம் வெளியே வருகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். எத்தனையோ அம்மாக்கள் இதை இருபது ஆண்டுகளாகச் செய்துவந்திருப்பார்கள், மகளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. அரசு கிளினிக்கில் கேட்டால், இருக்கும் நாளைச் சொல்வார்கள். இடுப்படித் தசைப் பயிற்சி, மலத்தை மென்மையாக வைப்பது, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று படிப்படியாக வழி இருக்கிறது.

கருப்பையில் பெரிய தசைக்கட்டி பின்பக்கம் இருந்தால் மலக்குடலை அழுத்தும். மாதவிடாய் நாட்களில் மட்டும் அடைத்துக்கொண்டு, மலம் போகும்போது உள்ளுக்குள் பிடுங்கி வலிக்கிறது என்றால், கருப்பையின் உட்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸைச் சந்தேகிக்க வேண்டும். இந்த மாதக் கணக்கைச் சொல்லாவிட்டால் யாருக்கும் அது தோன்றாது. ஆண்களுக்கு அந்த இடத்தில், சிறுநீர்ப்பைக்குக் கீழே, புரோஸ்டேட் சுரப்பி இருக்கிறது. அது வீங்கினாலோ அழற்சி கண்டாலோ கீழே கனமாகத் தெரியும், சிறுநீரும் சேர்ந்து தொல்லை கொடுக்கும்.

மூலத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் விட்டதற்குக் காரணம், அதில் பெரிய மர்மம் இல்லை. ஆசனவாய்க்குள் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தைகள் எல்லாருக்கும் உண்டு. முக்கி முக்கி அவை வீங்கிக் கீழே இறங்கினால் மூலம். இறங்கிய சதை வாசலில் நிற்பதால் மலம் மிச்சமிருப்பதுபோல் தோன்றும். உள்மூலம் பொதுவாக வலிக்காது, போகும்போது பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டும். போகும்போது கூரிய வலி, பிறகு ஒரு மணி நேரம் எரிச்சல் என்றால் அது ஆசனவாய் வெடிப்பாக இருக்கும். வலிக்குப் பயந்து அடக்கி, அடக்கியதால் இறுகி, இறுகியதால் மறுபடி வெடித்து என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டு கலந்த மூலக் களிம்பை வாரக்கணக்கில் போட்டால் அந்த இடத்துத் தோல் மெலிந்துபோகும். மூலம் என்று நினைத்தது மலக்குடலே மடிந்து கீழிறங்குவதாகவும் இருக்கலாம். முழுதாக வெளியே வந்தால் வட்ட வட்டமான மடிப்புகள் தெரியும், உள்ளுக்குள்ளேயே மடிந்தால் அடைத்த உணர்வு மட்டும்தான்.

அழற்சி இன்னொரு வகை. அடிக்கடி ஓட வேண்டியிருக்கும், போனால் ஒரு கரண்டி சளியும் இரத்தமும்தான் வரும், கடுப்பு மட்டும் நிற்காது. சீதபேதிக் கிருமிகள் இதைச் செய்யும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் குடல்புண் அழற்சி நோயைத் தேட வேண்டும். கருப்பை வாய் அல்லது புரோஸ்டேட் புற்றுக்குக் கதிரியக்கம் எடுத்தவர்களுக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மலக்குடல் புண்படலாம். ஆசனவழி உடலுறவால் தொற்றும் கொனோரியா, கிளமிடியா, ஹெர்பீஸ் ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். டாக்டரிடம் மறைத்தால் மாதக்கணக்கில் தவறான மருந்து சாப்பிட வேண்டியதுதான். இவை எதுவுமே இல்லாமல், உட்கார்ந்தால் பந்தின் மேல் உட்கார்ந்ததுபோல் மந்தமான வலியும் நிறைவும் அரை மணிக்கு மேல் நீடித்தால், இடுப்படித் தசையின் இறுக்கமாக இருக்கலாம். வெந்நீரில் உட்காருவது அதற்கு இதம் தரும். வயிற்றுவலி வந்து, போனதும் குறைந்து, சில நாள் இறுகி, சில நாள் இளகிப் போகும் எரிச்சல் குடல் நோய்க்காரர்களும் முழுதாகப் போகவில்லை என்றுதான் சொல்வார்கள்.

மலக்குடல் புற்றும் இதே உணர்வோடுதான் வரலாம். கட்டி உள்ளே நிற்கிறது, சுவர் அதை மலம் என்று நினைத்துத் தள்ளச் சொல்கிறது, எத்தனை முறை போனாலும் தீராது. தொடக்கத்தில் வலி இருக்காது. வரும் இரத்தம் மூல இரத்தத்தைப்போலவே இருக்கலாம். மூலமும் கட்டியும் ஒருவருக்கே சேர்ந்தும் இருக்கலாம், அதனால் மூலம் இருப்பது தெரிந்துவிட்டது என்பது வேறொன்றும் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 அறிக்கையில், பெருங்குடல் மலக்குடல் புற்று ஆண்களிடம் முதலிடத்திலும் பெண்களிடம் மார்பகப் புற்றுக்கு அடுத்தும் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவை மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. அதிகம் பாதிக்கப்படுவது சீனச் சமூகம் என்பதைப் பிடித்துக்கொண்டு நமக்கு வராது என்று இருந்துவிட முடியாது.

ஐம்பதை நெருங்கும்போதோ தாண்டியோ, பழக்கம் புதிதாக மாறி மூன்று நான்கு வாரம் நீடித்தால், இரத்தம் கலந்தால், காரணமில்லாமல் எடை இறங்கினால், இரத்தக் குறைவு தெரியவந்தால், பெற்றோர் உடன்பிறப்பில் யாருக்காவது குடல் புற்று இருந்தால், களிம்பை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வயது குறைவாக இருந்தாலும் தொடர் இரத்தம் தொடர் இரத்தம்தான். சிவப்பாகப் போய்விட்டதே என்று பதறும் முன் முந்தின நாள் சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டீர்களா என்று யோசிக்கலாம். நம் ஊர்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அந்தப் பழம் பலரை மருத்துவமனை வாசல்வரை ஓடவைத்திருக்கிறது. ஆனால் பழம் சாப்பிடாத நாளிலும் சிவப்பு என்றால் சாக்கு இல்லை.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடலே அடைத்திருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பின்பக்கமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போய்ச் சிறுநீரும் வராமல் நின்றால் முதுகுத்தண்டு நரம்புகள் நசுங்கியிருக்கும், அதற்கும் அன்றைக்கே. ஆசனவாயோரம் வீங்கித் துடித்துக் காய்ச்சலும் வந்தால் சீழ்க்கட்டி.

மற்றவர்களுக்கு அரசு சுகாதார கிளினிக்கே முதல் படி. குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே போய் 'புவாசீர்' (மூலத்துக்கு மலாய்ச் சொல்) என்று நாமே பெயரைச் சொல்லிவிடுகிறோம், கூட்டமான நாளில் டாக்டரும் களிம்பை எழுதிவிடுவார். பெயரை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்லுங்கள்: எத்தனை நாளாக, எத்தனை முறை, ஆட்டுப் புழுக்கையாகவா கூழாகவா, விரலால் அழுத்த வேண்டியிருக்கிறதா, இரத்தம் மலத்தின்மேலா கலந்தா, என்னென்ன மாத்திரை. மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப்போனால் இன்னும் நல்லது.

விரல் பரிசோதனைக்குப் பயந்து பலர் பின்வாங்குகிறார்கள். நடப்பது இதுதான்: இடப்பக்கம் சாய்ந்து முழங்காலை மார்போடு மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். கூட ஒரு தாதி நிற்பார். கையுறை விரலில் வழவழப்பான ஜெல்லைத் தடவி மெல்ல உள்ளே விடுவார்கள். 'இறுக்கிப் பிடிங்க' என்பார்கள், பிறகு 'முக்குங்க' என்பார்கள். மலம் நிற்கிறதா, கட்டி தட்டுப்படுகிறதா, புரோஸ்டேட் எப்படி இருக்கிறது, முக்கும்போது தசை தளர்கிறதா என்று இந்தக் கட்டுரையின் பாதிக் கேள்விகளுக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். இரத்தம் வருகிறது என்று போனவருக்கு யாருமே விரலை விட்டுப் பார்க்கவில்லை என்றால், பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

அதற்கு மேல் தேவை என்றால் கடிதம் எழுதி, தீவில் பினாங்கு பெரியாஸ்பத்திரிக்கோ பெருநிலத்தில் செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். இரத்தம், எடைக்குறைவு போன்றவை கடிதத்தில் தெளிவாக இருந்தால் முன்னுரிமை கிடைக்க வாய்ப்பு அதிகம், அதனால் அவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்குகளில் 50 முதல் 75 வயதுவரை உள்ளவர்களுக்கு மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் சோதனையும் செய்கிறார்கள். வீட்டில் மாதிரி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். ஆனால் அது எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கான சோதனை. வாரக்கணக்கில் அடைத்த உணர்வும் இரத்தமும் இருக்கும் ஒருவருக்கு அதில் 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது.